டெக்சாஸ் சேணத்தில் மாங்காய்

ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்குள் பழைய சாமான் சந்தை நடக்கிறது. பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவுக்காகப் பெற்றோரே சம்பளமில்லாமல் நின்று விற்கிறார்கள். வீடியோ கேசட் குவியலுக்குப் பின்னால் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைக் கண்டதும் ஒரு குதிரைச் சேணத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

“அமெரிக்கன் சாமான், அண்ணை. டெக்சாஸிலை இருந்து வந்தது. மகள் குதிரை ஓடப் பழகுறாள், நானே எடுப்பமெண்டு இருக்கிறன்.”

ராணிப்பேட்டையில் இருபது வருடம் ஏற்றுமதித் தோலுக்குத் தரம் பார்த்த என்னிடம் டெக்சாஸ்! தூக்கினால் பஞ்சு மாதிரி வருகிறது. அசல் கௌபாய் சேணம் இடுப்பை ஒடித்துவிடும். முன்னும் பின்னும் பிடித்து அமுக்குகிறேன். நடுவில் வளைந்து முனகுகிறது. உள்ளே மரச்சட்டம் உடைந்திருக்கிறது. அடியில் ஆட்டு ரோமம் என்ற பெயரில் நைலான். பூவேலையைப் பார்த்ததும் சிரிப்பே வருகிறது: அமெரிக்க ரோஜாவைச் சுற்றி நம்மூர் சேலைக்கரை மாங்காய்.

“டெக்சாஸும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சார். இந்தியாவுல செஞ்சது. குதிரை முதுகும் புண்ணாகும், பொண்ணும் விழுந்துடும்.”

“ஓ, இந்தியாச் சாமானே?” அவர் உதட்டைப் பிதுக்குகிறார். “அதுதான் இப்பிடிக் கிடக்கு.” சேணத்தை மேசைக்கு அடியில் தள்ளுகிறார்.

எனக்குச் சுருக்கென்கிறது. இவ்வளவு நேரம் ஏசியவன் நான்தான். ஆனாலும் குனிந்து அதை மறுபடி மேசைமேல் எடுத்து வைக்கிறேன்.

“தையலப் பாருங்க சார்,” என்கிறேன். “எங்கயாவது ஒரு நூல் விட்டிருக்கா?”