ஏழாவது துறவியும் என் ஒப்பந்தமும்

பழைய லத்தீன் கையெழுத்தைப் படிக்கிற வேலையில் முதலில் கெடுவது கண், அடுத்தது கழுத்து, மூன்றாவதாக யாரிடமும் வேலையைப் பற்றிக் கதைக்கிற ஆசை. தற்காலிக ஒப்பந்தங்களில் காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

என்ன வேலை, பிள்ளை?

ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேர்த்திருவிழாவில், மோருக்கு நின்ற வரிசையில், அம்மாவுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கேட்டார். இங்கிலாந்து அரசர்களையும் மடங்களையும் பற்றித் துறவிகள் எழுதிவைத்த வரலாறுகளைப் பல்கலைக்கழகத்தில் பதிப்பிக்கிறோம், எண்ணூறு வருடப் பழசு என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “கவலைப்படாதை பிள்ளை, இப்பவும் ஒரு அவுஸ்பில்டுங் செய்து தொழில் பழகலாம்.”

ஏழாவது ஆள்

ஒரு மடத்தில் காய்ச்சல் வந்து ஏழு துறவிகள் இறந்ததாக ஒரு பக்கம். ரோம எண், ஐந்துக்கான குறி, பக்கத்தில் இரண்டு கோடுகள். பெயர்கள் ஆறுதான் கிடைத்தன. ஏழாவது ஆளை ஐந்து வாரம் தேடினேன். மற்ற மடங்களின் இறந்தோர் பட்டியல்களிலும் அவர் இல்லை.

நான் படித்தது படப்பிரதி; கடைசியில், மூலச்சுவடி இருக்கும் நூலகத்துக்கு எழுதினேன். கன்றுத்தோல் ஏடுகளைப் பராமரிக்கும் பெண்மணி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். கடைசிக் கோடு மை இல்லையாம், தோலில் மிஞ்சிய ஒரு மயிராம். “நீங்கள் இவ்வளவு நாளும் தேடியது கன்றுக்குட்டியை.”

அப்பாவின் கேள்வி

போரில் ஊரைவிட்டு வந்த என் அப்பா டுசல்டோர்ஃபில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, “ராசா இந்தக் கிழமை என்ன செய்தவர்?” என்று நான் படிக்கிற அரசரைப் பற்றிக் கேட்பார். ஒரு முறை, வடக்கே ஊர்களை எரித்தார் என்றேன். துறவி அதற்கு எழுதியது இரண்டே வரி. அடுத்து வந்த ஆயரின் பதவியேற்புக்கு நாலு பக்கம்.

அப்பா, “சனம் எங்கை போனதாம்?” என்றார்.

அந்த இரண்டு வரிக்கு ஒரு அடிக்குறிப்பாவது போட வேண்டும் என்று வாரம் முழுக்கத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த ஞாயிறு அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஆச்சரியப்படவில்லை. “ஓடுற சனத்திட்டை ஆர் வந்து விசாரிக்கிறது?”

டெர்மின்

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கையில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைத்தது. அதிகாரி நல்ல மனுசி. லத்தீனில் யாருடன் பேசுவீர்கள் என்று கேட்டார். பேசுவதற்கு யாரும் உயிரோடில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தில் சரியான கட்டத்தைத் தேடினார். “அப்படியானால் வாடிக்கையாளர் தொடர்பு இல்லை என்று போடட்டுமா?”

அடுத்த வாரம் என் ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. அந்தத் துறவிகள் ஒரு அரசனின் சாவை எழுதி முடிக்கவே அதைவிட அதிக காலம் எடுத்துக்கொண்டவர்கள்.