டீச்சரின் கம்ப்யூட்டரில் திறக்காத அடுக்களை

கரமனையில் ஆற்றங்கரையோரம் ஒரு பழைய வீட்டின் அடுக்களையை இடித்துக் கட்டும் வேலை எனக்கு வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து மலை தாண்டி மலையாளக்கரைக்கு வந்து, விதுராவில் வாடகை வீட்டில் குடியிருக்கும் கொத்துவேலை மேஸ்திரி.

அதுவரை எல்லா வீட்டுக்கும் நான் தாளில் கோடு போட்டுக் காட்டித்தான் வேலை தொடங்கினேன். ஹாஸ்டலுக்குப் போன மகள் தன் பழைய லேப்டாப்பை எனக்கு விட்டுப்போனாள். வீட்டுப் படம் வரைகிற சாஃப்ட்வேர் ஒன்றையும் அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒரு வருஷம் தட்டுத் தடுமாறிப் பழகினேன். டீச்சரின் அடுக்களைதான் நான் முழுதாக வரைந்த முதல் படம். சிங்க், அடுப்பு, ஜன்னல், அலமாரி எல்லாம் அதில் இருந்தன. மவுசைப் பிடித்து இழுத்தால் அடுக்களை நாலு பக்கமும் திரும்பும். இதைக் காட்டினால் டீச்சர் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. லேப்டாப்பின் கீல் உடைந்து, திரை பின்னால் சாயாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போக முடியாது. டீச்சர் வீட்டிலும் கம்ப்யூட்டர் உண்டு என்பதால் படத்தை மட்டும் பென் டிரைவில் சேவ் செய்து கொண்டுபோனேன்.

அங்கே படத்தைக் க்ளிக் செய்தால், இதைத் திறக்க எந்த சாஃப்ட்வேரும் இல்லை என்று வந்தது.

“தொறக்க மாட்டேங்கறதே மேஸ்திரி,” என்றார் டீச்சர்.

“வரைஞ்ச சாஃப்ட்வேர் இதுல இல்லேல்லா டீச்சர். சாரமில்ல, அதனால என்ன, அடுத்த தடவை அதையும் எடுத்துட்டு வாரேன்.”

மகளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் படம் வரையக் கற்றுக்கொண்டவனுக்கு இது தெரியாதா என்று ஒரு வீம்பு. வீட்டுக்கு வந்ததும் திரையில் இருந்த அந்த சாஃப்ட்வேரின் ஐகானைப் பிடித்து பென் டிரைவுக்குள் காப்பி செய்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம்.

இரண்டு நாள் கழித்துக் கரமனைக்குப் போய் அதைக் க்ளிக் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

“இதோட மூலையில ஒரு சின்ன அம்பு போட்டிருக்கு, பாத்தேளா? சாமான் வேற எங்கேயோ இருக்கு, அங்கே போன்னு வழி காட்டறது. வழியைத்தான் கொண்டுவந்திருக்கேள். சாமான் உங்காத்துலேயே இருக்கு.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. டீச்சரோ உற்சாகமாகிவிட்டார். இணையத்தில் தேடி அதே சாஃப்ட்வேரை அவரே கண்டுபிடித்தார். எங்கே சேவ் செய்யவேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இடத்தைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில், “சேவ் ஆயிடுத்து,” என்றார். நான் நம்பிக்கையோடு படத்தைக் க்ளிக் செய்தேன். மறுபடி அதே பதில்.

வேறு வழியில்லாமல் மகளுக்கு போன் போட்டு, டீச்சருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னதும் அவள் நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு, வழக்கம்போல் மலையாளம் கலந்து சொன்னாள்.

“அப்பா, அது சேவ் மாத்ரமே ஆயிருக்கு. இன்ஸ்டால் செய்யணும்.”

“ரெண்டும் ஒண்ணுதானே மோளே? உள்ள வந்தாச்சில்லா?”

“வாஷ் பேசின் அட்டைப்பெட்டியில வந்து ஹால்ல இருக்கு. அதுல கை கழுவ பற்றுமா?”

“அதெப்படி முடியும்? பெட்டியப் பிரிச்சு, சுவருல மாட்டி, தண்ணி லைன் குடுத்து...” என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. டீச்சருக்கும் புரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“உங்க படம் சும்மா ஒரு ஃபைல். எங்க சேவ் செஞ்சாலும் அப்படியே இருக்கும். சாஃப்ட்வேர் அப்படியல்ல, அந்தக் கம்ப்யூட்டரோட சேத்துப் பொருத்தணும். இப்ப சேவ் ஆனதைக் க்ளிக் செய்ங்க, அது தன்னைத் தானே பொருத்திக்கும்.”

க்ளிக் செய்ததும் நிபந்தனைகள் பக்கம் பக்கமாக வந்தன. என் மகள் இதையெல்லாம் படிக்காமலே சம்மதம் கொடுப்பவள். டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் ஒரு வரி விடாமல் படித்து, இரண்டு இடங்களில் இலக்கணப் பிழை கண்டுபிடித்த பிறகே சம்மதம் என்று அழுத்தினார். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. என் படத்தைத் திறந்தோம். டீச்சரின் அடுக்களை திரை நிறைய வந்து நின்றது.

அவர் உடனே மவுசை வாங்கிக்கொண்டார். இழுத்தார், திருப்பினார், கடைசியில் படத்துக்குள்ளேயே அடுப்புக்கு முன்னால் போய் நின்றார்.

“இங்கே நின்னா எனக்குச் சுவர்தானே தெரியறது? நாப்பது வருஷமா அந்தச் சுவரைத்தான் பாத்துண்டு இருக்கேன்.”

எத்தனையோ அடுக்களை கட்டியிருக்கிறேன். அடுப்புக்கு முன்னால் நின்று என்ன தெரியும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு நேரே வைத்தால் காற்றில் தீ அணையும் என்று மட்டும் சொன்னேன். “அப்போ பக்கவாட்டில வைக்கலாமோ?” என்று கேட்டு, அவரே அடுப்பைப் பிடித்து இழுத்து, ஜன்னலை ஒட்டின பக்கச் சுவருக்கு நகர்த்தினார். ஜன்னல் வழியே ஆறும் தென்னையும் தெரியும், தீயும் அணையாது. அளவெல்லாம் சரியாக வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தப் படத்தின்படியே கட்டி முடித்தோம். பால் காய்ச்சின அன்று டீச்சர் என்னை அடுப்புக்கு முன்னால் நிற்கச் சொன்னார். ஆற்றங்கரைப் படியில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கியதை இருவருமே கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கேஸ் டியூபை நீளமாக மாற்றி, அடுப்பு மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நகர்த்தினேன். வெளியே பக்கத்து வீட்டுப் பலாமரமும் பொன்முடி போகிற ரோடும் தெரிந்தன. மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “இது இத்தன வருஷமா தோணலையாக்கும் மேஸ்திரிக்கு?”