ஜானட் டீச்சர் சொன்ன பதில்

கல்மண்டபத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஜானட் டீச்சர் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறார். தலைமுடி நரைக்கிற வரைக்கும் அதே பள்ளி, அதே பாடம். வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார் என்று யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. வகுப்புக்கு வெளியே சொன்ன ஒரு பதில்தான் அவரை இன்றைக்கும் அரித்துக்கொண்டிருக்கிறது.

தொழிற்கல்விப் பிரிவில் செங்கொடி என்றொரு பெண் படித்தாள். வியாசர்பாடி எம்.கே.பி. நகர். அந்தப் பிரிவிலும் கணக்குப்பதிவியல் உண்டு; அதில் அவள்தான் வகுப்பிலேயே முதல். பரீட்சை முடிகிற சமயம், டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மிஸ், எங்க குரூப்புக்கு பி.காம். கெடைக்குமா?”

“அதுக்கு காமர்ஸ் குரூப் படிச்சிருக்கணும்மா. உங்களுக்குத் தர மாட்டாங்க.”

டீச்சர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “சரி மிஸ்” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் தங்கை மகள் ஜூடியை பி.காம். சேர்க்க ஒரு கல்லூரிக்குப் போனபோது, டீச்சர் அங்கே அறிவிப்புப் பலகையைப் படித்தார். வணிகவியல் படித்தவர்களோடு, தொழிற்பிரிவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது.

“இது இந்த வருஷம்தான் வந்துச்சா?” என்று அலுவலகத்தில் கேட்டார்.

“இல்ல மேடம். ரொம்ப வருஷமாவே இருக்கு.”

டீச்சர் ஜூடியை வீட்டில் விட்டுவிட்டு, அன்றைக்கே ஆட்டோ பிடித்து எம்.கே.பி. நகர் போனார்.

செங்கொடியின் அம்மா பவானிக்குக் கைகால் ஓடவில்லை. “டீச்சரம்மா நம்ம வூட்டுக்கு வந்துகீறாங்க” என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே, கூல்டிரிங்க் வாங்கக் கடைக்கு ஓடினாள். செங்கொடி அப்போதுதான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்திருந்தாள். அவள் அங்கே பில் போடுகிறாள்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. “நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்மா. போன வருஷமே உனக்கு சீட் கெடைச்சிருக்கும். தெரியாம, விசாரிக்காமச் சொல்லிட்டேன்.”

“நானும் வேற யாரையாச்சும் கேட்டிருக்கலாம் மிஸ். நீங்க சொன்னதால கேக்கல.”

திட்டியிருந்தால்கூட டீச்சரால் தாங்கியிருக்க முடியும்.

“இந்த வருஷம் சேந்துடு. நான் கூட வர்றேன்.”

“என் சம்பளத்த நம்பித்தான் தம்பிய ஃபீஸ் கட்டுற ஸ்கூல்ல சேத்துகீறோம் மிஸ். கடைய வுட முடியாது. தபால்ல வேணா படிக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அம்மாகிட்ட இத சொல்லாதீங்க. உங்க மேல ரொம்ப மரியாத வெச்சிகினு கீது.”

பவானி பாட்டிலோடு உள்ளே வந்தாள். மகள் பி.காம். படிக்கலாம் என்பதை மட்டும்தான் அவளிடம் சொன்னார்கள். டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் குளிர்பானத்தைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

செங்கொடி தொலைதூரக் கல்வியில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மற்ற நாளெல்லாம் கடை. கணக்குத் தாள்களில் நல்ல மதிப்பெண் வந்தது. ஆங்கிலத் தாளில் மட்டும் தேறவில்லை. மொழித்தாள்களையும் சேர்த்துத் தேறினால்தான் பட்டம். தினமும் கல்லூரிக்குப் போயிருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருக்கும் என்று டீச்சருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தானே சொல்லித்தரட்டுமா என்று கேட்டும் பார்த்தார். “நான் பாத்துக்கறேன் மிஸ்” என்று செங்கொடி மரியாதையாக மறுத்துவிட்டாள்.

மறுமுறை எழுதி அவள் ஆங்கிலத்திலும் தேறிப் பட்டம் வாங்கியபோது, பவானி ஸ்வீட் பாக்ஸோடு பள்ளிக்கே வந்துவிட்டாள். தலைமையாசிரியை முன்னால், “டீச்சரம்மா வூடு தேடி வந்து சொல்லலன்னா எம் பொண்ணு காலத்துக்கும் பில் போட்டுகினே கெடந்திருக்கும்” என்றாள்.

டீச்சரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “அப்படி இல்ல பவானி. அவ ஒரு வருஷம் வீணாப் போனதே என்னாலதான். நான்தான் தப்பாச் சொன்னேன்.”

பவானி சிரித்தாள். “பாருங்கம்மா, இவ்ளோ செஞ்சிட்டு எப்டி அடக்கமா பேசுறாங்க.”

தலைமையாசிரியையும் சிரித்துக்கொண்டே ஒரு ஸ்வீட்டை எடுத்து ஜானட் டீச்சரின் கையில் வைத்தார்.