காட்டுக்கருணையும் ஒரு மாறுதல் மனுவும்

கோமதிசங்கர் அண்ணாச்சியைப் பத்து வருடமாகத் தெரியும். சங்கரன்கோவிலில் எங்கள் ஆபீஸில் அவருக்கு என் பக்கத்து மேஜை. தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. கேட்டால் கௌரவம் போய்விடுமாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்லிச் சொல்லி நான்தான் அலுத்துப் போனேன்.

அவர் வீடு இளையரசனேந்தலில். போன வருடம் அவருடைய அம்மா பார்வதியம்மாள் வாதத்தில் விழுந்தார். அவரைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். அண்ணாச்சி காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டால் மனைவி மாலா ஒருத்திதான். ஊரிலேயே உள்ள கிளை ஆபீஸில் ஓர் இடம் காலியாகிறது என்றதும் மாறுதல் மனு கொடுத்தார். அதிகாரி ராஜேஷ்குமார் கையெழுத்துப் போட வேண்டும். நேரில் போய் நிலைமையைச் சொல்லலாம் அல்லவா? சொல்லவில்லை. கிழங்கு தோண்டப் போனார்.

அதிகாரிக்கு மூலம். அவரும் வெளியே சொன்னதில்லை. ஆனால் நாற்காலி நுனியிலேயே உட்காருகிறவரைப் பார்த்தால் ஆபீஸுக்குத் தெரியாதா? அண்ணாச்சியின் புஞ்சையை ஒட்டிய ஓடைக்கரையில், மூலத்துக்கு மருந்து என்று ஊரில் சொல்லும் காட்டுக்கருணைக் கிழங்கு தானாக முளைத்துக் கிடக்கிறது. பச்சையாகத் தொட்டாலே கை அரிக்கும். மாலா அதை அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைத்து, புளி விட்டு மசித்துக் கொடுப்பாள். "வீட்டுல செஞ்சது சார்" என்று டப்பாவை வைத்துவிட்டு வருவார் அண்ணாச்சி. எதற்கென்று இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு நாகரிகம்.

மூன்று மாதத்தில் அதிகாரி நாற்காலி நிறைய உட்கார்ந்தார். கிழங்குதான் காரணமோ, இடையில் அவர் புரோட்டாவை விட்டதோ, யார் கண்டது? பெயர் கிழங்குக்குப் போனது.

உத்தரவு வந்தது. இளையரசனேந்தலுக்கு எங்கள் ஆபீஸ் வேல்ராஜ். சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஆனால் தினமும் போய்க் கேட்டவன். அன்றுதான் அண்ணாச்சி அதிகாரி முன்னால் வாய் திறந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"சார், என் மனு..."

"நாந்தான் நிறுத்தி வச்சேன். நீரு போயிட்டா எனக்குக் கிழங்கு யாரு கொண்டு வருவா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி "சரி சார்" என்று வந்துவிட்டார். அம்மாவைப் பற்றி அப்போதும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மாலா திங்கட்கிழமைக்கான கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்க சாரு நல்லா உக்காந்துட்டாரு அண்ணே. அத்தையத் தூக்கி உக்கார வைக்கத்தான் இங்கன ஆளில்ல."