ஒன்பதாவது விடியற்பூசை

பெருந்தொற்று வருவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். ரொறொன்ரோவின் வடகிழக்கே மில்லிக்கன் பக்கம், ஸ்ரீல்ஸ் வீதியோரம் இருந்த ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில், என் பழைய காருக்குள் நான் குடியிருந்தேன்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டை வீட்டுக்காரர் வீட்டோடு சேர்த்து விற்றுவிட்டார். அதே மாதம், நான் வேலை செய்த பொதி கட்டும் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் கார் வீடானது. அதை நான் ஒரு பெரிய துன்பமாக எடுக்கவில்லை. ஏழாம் வகுப்போடு பாடசாலையை விட்டவன் நான். கொழும்பு, பாங்கொக், பிறகு ரொறொன்ரோவின் பார்க்டேலில் ஆறு பேர் வரிசையாகப் படுத்த ஓர் அறை, லெமிங்டன் தக்காளிக் கூடாரங்கள், அல்பேர்ட்டா எண்ணெய் ஊர்கள் என்று திரிந்ததில், ஓரிடத்தில் தொடர்ந்து இரண்டு குளிர்காலம் இருந்ததே இல்லை. இதுவும் போகும் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பிளாசாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு டோனட் கடை. கழிப்பறை இருந்தது. பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையும் இருந்தது. பிளாசாவின் பின்பக்கம், முன்பு ஏதோ அலுவலகமாக இருந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு தனியார் கத்தோலிக்கப் பாடசாலை நடந்தது. பிலிப்பைன்ஸில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சீனக் குடும்பங்கள் கனடாவுக்கு வந்து, தங்கள் பிள்ளைகளுக்கென்று கன்னியாஸ்திரிகளை வைத்து நடத்திய பள்ளி அது. காலையில் ஒலிபெருக்கியில் செபம் மூன்று மொழிகளில் வரும். முதலில் ஆங்கிலம், பிறகு அவர்களின் பிலிப்பினோ மொழி, கடைசியாகச் சீனம். கார்க் கண்ணாடி வழியே அந்தச் செபத்தைக் கேட்டபடிதான் நான் பல் விளக்குவேன்.

ஒருநாள் விடிய ஐந்து மணியிருக்கும். குளிரில் தூக்கம் வராமல் கிடந்தபோது, அந்தக் கட்டடத்துக்கு ஆட்கள் நடந்து போவதைக் கண்டேன். பெரிய அங்கிகளுக்குக் கீழே பாடசாலைச் சீருடை தெரியும் சிறுபிள்ளைகள், தூக்கக் கலக்கத்தில் தாய்மாரின் கையைப் பிடித்தபடி போனார்கள். வாசலில் நட்சத்திர வடிவத்தில் கண்ணாடித் தாள் விளக்குகள் தொங்கின. தீப்பிடித்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். பிறகு கதவு திறந்த நேரம் இஞ்சி வாசம் வந்தது. எழும்பிப் போனேன்.

அது பூசை. கூடைப்பந்து விளையாடும் மண்டபத்தில் கதிரைகள் போட்டு நடத்தினார்கள். நான் சைவ சமயத்தவன், கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு சூட்டுக்காக இருந்தேன். பூசை முடிந்ததும் எல்லோரும் சமையலறைப் பக்கம் போனார்கள். கோழியும் இஞ்சியும் போட்ட அரிசிக் கஞ்சி ஒரு பெரிய பானையில் கொதித்தது. பக்கத்து மேசையில் ஒருவர், ஆவி பறக்கும் மூங்கில் குழாய்களிலிருந்து ஊதா நிறத்தில் எதையோ தட்டி விழுத்தி, மேலே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிக்கொண்டிருந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அது குழாய்ப்புட்டு.

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். பள்ளிச் சமையலறை அவர் பொறுப்பு. ஐம்பதை எட்டாத வயது. ஆனால் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை ‘ஆச்சி’ என்றார்கள். அவர்களின் சீனத்தில் அதற்கு அக்கா என்று பொருளாம். எங்கள் ஊரில் ஆச்சி என்றால் பாட்டி, இந்த வயதில் அப்படிக் கூப்பிட்டால் கோபிப்பார்கள் என்று பிறகு ஒருநாள் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். என்னைக் ‘குயா’ என்றார். அது அண்ணன். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகு அது என் காதில் எங்கள் தமிழாகவே நிற்கிறது.

“குயா, ஏன் அதைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? எடுத்துச் சாப்பிடுங்கோ.”

“இது எங்கட சாப்பாடு” என்றேன்.

“நாங்கள் நத்தாருக்கு மட்டும்தான் செய்வம்.”

“நாங்கள் நினைச்ச நேரமெல்லாம் அவிப்பம்.”

“அப்ப நீங்கள் வருசம் முழுக்க நத்தார் கொண்டாடுற சனமோ?”

அவர்தான் அந்த வழக்கத்தை எனக்குச் சொன்னார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன் ஒன்பது நாட்கள் விடியுமுன் பூசை. ஒன்பதும் விடாமல் வந்தால், மனதில் நினைத்துக் கேட்ட ஒரு காரியம் கைகூடும். ஒன்று தவறினாலும் அந்த வருடம் கணக்கில்லை. கேட்டதை வெளியில் சொல்லவும் கூடாது. ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லையாம். மகன் பிறந்த வருடம்கூடக் குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாராம்.

“இன்றைக்குத்தான் முதலாம் நாள். நீங்களும் தொடங்கியாச்சு. இனி விடக்கூடாது” என்று ஒரு தட்டில் புட்டை வைத்தார்.

நான் விடவில்லை. சாமிக்காக என்று சொன்னால் பொய். கஞ்சியும் சூடும் இருந்தன. அதோடு, காலையில் ஒருவர் ‘வந்திட்டியளோ’ என்று கேட்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று தலைமை சிஸ்டர் கேட்டபோது, “பக்கத்திலதான்” என்றேன். அது பொய்யில்லைதானே. சிஸ்டர் மூன்று மொழியையும் ஒரே மூச்சில் கலந்து பேசுகிற, கறாரான ஆள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாளையிலிருந்து அரை மணித்தியாலம் முந்தி வாங்கோ. கதிரை போட ஆள் வேணும்” என்றார்.

தமிழ்ச் சாப்பாட்டுக் கடை அண்ணைக்குச் செய்தி உடனே போய்விட்டது. விடிய நான்கு மணிக்கே மா குழைக்க வருகிறவர் அவர்.

“என்னடாப்பா, விடியக்காத்தால பள்ளிக்குப் போறியாம். கத்தோலிக்க வேதத்துக்கு மாறிப்போட்டியோ?”

“ஓம் அண்ணை. கஞ்சிக்கு மாறிப்போட்டன்.”

“அங்க கஞ்சியும் குடுக்கினமோ? அப்ப என்ர கடையில ஆர் வந்து இடியப்பம் தின்னுறது?”

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் மனம் இளகுகிறது. கதிரைகளை விரித்து முடிய, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து விழுவார்கள். பிரசங்கம் தொடங்கவே பாதிப்பேர் தாயின் தோளில் தூங்கிவிடுவார்கள். ஒரு வாசகத்தை ஆங்கிலத்தில் ஒரு பெடியன் வாசிப்பான், அடுத்ததைப் பிலிப்பினோவில் ஒரு பெட்டை வாசிப்பாள். முடிவில் எல்லோருமாகச் சீனத்தில் ஒரு பாட்டுப் பாடுவார்கள். பொருள் ஒன்றும் தெரியாமலே அந்தப் பாட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. வேலை செய்யும்போது இன்றைக்கும் வாயில் வரும்.

ஆச்சி மட்டும் பாட்டு முடிந்து சனம் எழும்பிய பிறகும் சற்று நேரம் முழங்காலில் இருப்பார். ஐந்தாறு நாள் போனபோது, அவர் மேலங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்ததைக் கண்டுவிட்டேன். நான் கண்டதை அவரும் கண்டார்.

“இந்த வருசம் எனக்கு ஒன்பதும் கட்டாயம் வேணும் குயா” என்றார். பிறகு பானையைத் தூக்கப்போனார்.

எட்டாம் நாள் பின்னேரம் தொடங்கிய பனி இரவெல்லாம் கொட்டியது. ஒன்பதாம் நாள் விடிய, வழக்கம்போல எழும்புமுன் உடம்பு சூடாகட்டும் என்று காரை இயக்கிவிட்டேன். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு இறங்குவதுதான் என் பழக்கம். ஆனால் இரவு கொட்டிய பனி காரின் பின்பக்கம் குவிந்து, புகைக்குழாயை மூடியிருந்தது எனக்குத் தெரியாது. புகை உள்ளே திரும்பியிருக்கிறது. அந்தப் புகையில் இருந்த நச்சு வாயுவுக்கு மணம் இல்லை என்று பிறகுதான் சொன்னார்கள். தலை இலேசாக இடித்தது. கை கால் பாரமாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு குளிரே தெரியாமல் நல்ல தூக்கம் வந்தது. கதிரை போட வேண்டும், எழும்ப வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர எழும்பவில்லை.

பிறகு எங்கோ தூரத்தில் தட்டும் சத்தம். கண்ணாடிக்கு வெளியே மங்கலாக ஒரு முகம். ஒரு கையில் கஞ்சி ஊற்றும் நீண்ட கரண்டி. அதால்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

“குயா! ஒன்பது! ஒன்பது! எட்டோட நிப்பாட்டுறியளோ? எழும்புங்கோ!”

கதவைத் திறக்கக் கை எழவில்லை. ஆச்சி போட்ட சத்தத்தில் சாப்பாட்டுக் கடை அண்ணை பனி அள்ளும் சவளோடு ஓடி வந்திருக்கிறார். பின் கண்ணாடி உடைந்தது எனக்கு நினைவிருக்கிறது. “டேய், எழும்படா! கண்ணைத் திறவடா!” என்று அண்ணை கன்னத்தில் அறைந்ததும் நினைவிருக்கிறது. அந்த அறையைப்பற்றிப் பிறகு பல நாள் பகிடி விட்டிருக்கிறோம். அதன் பிறகு பனியில் கிடந்தேன். வாந்தி எடுத்தேன். அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஒட்சிசன் மூடியோடு கண் விழித்தபோது, பக்கத்துக் கதிரையில் ஆச்சி இருந்தார். சமையல் மேலங்கியோடே அம்புலன்ஸில் ஏறி வந்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் உங்களை எழுப்பியிருக்க முடியாது என்று வைத்தியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“நான் காருக்குள்ள இருக்கிறன் எண்டு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“முதல் நாளே தெரியும். உள்பக்கக் கண்ணாடியில பனி உறைஞ்ச கார் ஒண்டுதான் அங்க நிக்கும். மூச்சு விடுற ஆள் உள்ள படுத்தால்தான் அப்பிடி உறையும். சிஸ்டருக்கும் தெரியும்.”

கதிரை போட அரை மணித்தியாலம் முந்தி வரச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த மண்டபத்தில் கதிரை போட வளர்ந்த பெடியன்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

மத்தியானம் சிஸ்டர் ஒரு சுடுபோத்தலில் கஞ்சியோடு வந்தார். நான் பகிடியாக, “என்ர ஒன்பது எட்டோட போச்சு, சிஸ்டர்” என்றேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

“உங்கட மட்டுமோ? கதிரை போட ஆள் வரேல்லை எண்டு ஆச்சி பூசை தொடங்கேக்க வெளியில ஓடினவ. வாழ்க்கையில முதல்தரம் ஒன்பதை விட்டிருக்கிறா. அதுவும் இந்த வருசம்...”

ஆச்சி அவரைச் சீனத்தில் ஏதோ அதட்டினார். சமையல்காரி தலைமைக் கன்னியாஸ்திரியை அதட்டியதையும், அவர் வாயை மூடிக்கொண்டதையும் நான் அன்றைக்குத்தான் கண்டேன். மொழி தெரியாவிட்டாலும் விசயம் விளங்கியது.

சிஸ்டர் வெளியே போனதும், “என்ன கேட்டனீங்கள் ஆச்சி?” என்றேன்.

“சொல்ல ஏலாது. அடுத்த வருசம் திருப்பிக் கேக்க வேணுமெல்லோ” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கஞ்சியை ஊற்றித் தந்தார்.

அந்தத் தை மாதமே, பள்ளிக்கூடத்துக் குடும்பம் ஒன்று தங்கள் பேஸ்மென்டை எனக்குத் தந்தது. சிஸ்டர் பள்ளியில் துப்புரவு வேலை தந்தார். ஓரிடத்தில் தொடர்ந்து இரண்டு குளிர்காலம் இராத நான், அங்கே நான்கு இருந்தேன். மூன்று மொழிச் செபத்தை நிலம் துடைத்தபடி உள்ளிருந்தே கேட்டேன். ஆனால் அடுத்த நத்தாருக்கு ஆச்சி அங்கே இல்லை. அந்த வருட வசந்தத்தில் ஒருநாள் திடீரென்று பிலிப்பைன்ஸுக்குப் போனார். குடும்ப அலுவல் என்றார்கள். திரும்பி வரவில்லை. அவர் என்ன வேண்டினார் என்று சிஸ்டரிடம் ஒருமுறை கேட்டேன். “அது அவவுக்கும் ஆண்டவருக்கும் இடையில” என்று முடித்துவிட்டார்.

பிறகு பள்ளி வேறு பெரிய கட்டடத்துக்கு மாறியது. எனக்கும் கால் பொறுக்கவில்லை. விட்பியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தேன், கொஞ்சக் காலம் மனிடோபா, இப்போது திரும்பவும் ஸ்காபரோ. எங்கே இருந்தாலும் மார்கழியில் அந்த விடியற்பூசை நடக்கும் இடத்தை விசாரித்துக் கண்டுபிடித்து, ஒன்பது நாளும் போய் இருந்துவிடுவேன். வேதத்துக்கு நான் மாறவில்லை. செபமும் தெரியாது. அந்த வருடம் ஆச்சி எதைக் கேட்டாரோ அதை அவருக்குக் கொடு என்று மட்டும் கேட்பேன். அது என்னவென்று தெரியாமலே கேட்பதால் இரகசியமும் கெடாது.

அது அவருக்குக் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் யாருமில்லாதவன், எங்கே விழுந்தாலும் ஒருவரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தபடி ஊர் ஊராகத் திரிந்த எனக்கு, தன் வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் பனிக்குள் என்னைத் தேடி ஓடி வந்த அந்தக் காலைக்குப் பிறகு, அப்படி நினைப்பதற்கு உரிமை இல்லாமல் போய்விட்டது.