எண்ணெயில் ஒட்டிய எலிப்பல்

உடம்பு முழுக்க நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, குற்றாலம் அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே பட்டுவிடக் கூடாதே என்று நடுங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காரணம் ஓர் எலிப்பல். அதுவும் இந்தக் காலத்து எலியுடையது இல்லை. பனியுகத்தில் செத்துப்போன எலியுடையது.

என் அக்கா மகள் ஆராய்ச்சி மாணவி. ஆந்திராப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் குகையில் மண் அள்ளி வந்திருந்தாள். அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, சன்னமான சல்லடையில் சலித்து, மிஞ்சுவதைக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே ஈரத் தூரிகை நுனியால் புரட்டிப் புரட்டிப் பல் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு பல்லும் எள்ளில் பாதி இருக்கும். அவள் வீட்டில் வெள்ளையடிப்பு நடந்ததால், தென்காசியில் மாமா வீடு அமைதியாக இருக்கும் என்று நம்பி மூட்டை முடிச்சோடு வந்துவிட்டாள். படித்த பிள்ளைகளும் இப்படி ஏமாறத்தான் செய்கிறார்கள்.

வந்த அன்றே என் மனைவி விசாரணையை ஆரம்பித்தாள்.

"குகைக்குள்ள எலிக்கு என்னட்டி வேலை?"

"எலியா போகல அத்தை. ஆந்தை வெளிய பிடிச்சுத் தின்னுட்டு, குகையில வந்து உக்காந்து எலும்பையும் பல்லையும் உருண்டையா கக்கிரும். அது அப்படியே மண்ணுல மூடிக் கிடக்கு."

"ஆந்தை கக்கினதையா என் சாப்பாட்டு மேசையில பரப்பி வச்சிருக்க?"

"அது காஞ்சு பல ஆயிரம் வருஷம் ஆச்சு அத்தை."

"எத்தனை வருஷம் ஆனாலும் வாந்தி வாந்திதான்."

அன்றிலிருந்து நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நான் அந்த ஆராய்ச்சியில் மெல்ல மெல்ல மூக்கை நுழைத்தேன். குகையின் ஆக அடி அடுக்கிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு நல்ல பல் கிடைத்திருந்தது. வறண்ட புல்வெளியில் மட்டும் வளை தோண்டும் ஒரு வகை எலியின் கடைவாய்ப்பல். நம் பக்கத்து வெள்ளெலிக்குத் தூரத்துச் சொந்தமாம். அந்தப் பல் இருந்தால், இன்று காடாகக் கிடக்கும் அந்த இடம் அன்று புல்வெளி என்று அவள் சொல்லலாம். இல்லாவிட்டால் அவள் எழுதி வைத்த ஆய்வேட்டு அத்தியாயத்துக்குக் காலே கிடையாது. திங்கட்கிழமை அதை அவளுடைய பேராசிரியரிடம் காட்ட வேண்டும். அவரோ எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத மனிதர்.

சனிக்கிழமை காலை சாரல் பிடித்துக்கொண்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் என் முதுகில் போடும் அடி அவர்களுக்குப் பழைய பகை ஏதோ இருப்பதுபோல விழுவதால், நான் எப்போதும் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு கிளம்புகிறவன். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தோளில் போட்டு, போனை பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கழுத்தில் மாட்டியாயிற்று. கூடத்தைக் கடக்கும்போது ஆசை வந்தது.

"ஏட்டி, அந்த ராசா பல்லை ஒருக்கா காட்டேன்."

"தொடாம பாருங்க மாமா."

தொடவில்லை. தட்டில் இருந்ததை மைக்ராஸ்கோப் வழியாகக் குனிந்து பார்த்தேன். வரப்பு வரப்பாக, உழுத வயலை மேலிருந்து பார்ப்பதுபோல் அழகாக இருந்தது. கை வைக்கவே இல்லை. முழங்கையும் கைதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அருவியில் வரிசை நகர்ந்து, இன்னும் பத்தடி போனால் தண்ணீர் என்ற நிலையில் போன் அடித்தது.

"மாமா, தண்ணிக்குள்ள போயிட்டியளா?"

"இன்னும் இல்ல, வரிசையில நிக்கேன். நல்லா விழுது. நீயும் வந்திருக்கலாம்."

"அப்படியே நில்லுங்க. சொறியாதிய. துண்டை உதறாதிய. நனையவே நனையாதிய."

"ஏட்டி, நான் குத்தாலத்துல நிக்கேன்!"

"தட்டுல முழங்கை அளவுக்கு எண்ணெய் வட்டம் இருக்கு மாமா. பல்லு இல்ல. போட்டோகூட இன்னும் எடுக்கல."

வெடிகுண்டைக் கட்டிக்கொண்டவன் மாதிரி இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். பின்னால் நின்ற தொப்பைக்காரர் முதுகருகே வந்து சொன்னார்: "அண்ணாச்சி, நகருங்க. அருவியைப் பொண்ணு பாக்கவா வந்திருக்கிய?"

"நீங்க போங்க. நான் நனையக் கூடாது."

"நனையக் கூடாதுன்னா இங்கன எதுக்குவே வந்தீரு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை, விட்டிருந்த சாரல் மறுபடியும் வந்துவிட்டது. மற்ற ஊர் மழை மேலிருந்து கீழே விழும். எங்கள் சாரல் பக்கவாட்டில் வரும், கீழிருந்துகூட வரும். என் மூளையோ அதற்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பல் வழுக்கிச் சிற்றாற்றில் விழுகிறது, தாமிரபரணியில் சேர்கிறது, எங்கோ மணலில் புதைகிறது. பின்னால் வரும் விஞ்ஞானி ஒருவன் அதைத் தோண்டியெடுத்து, பனியுகத்து எலி குற்றாலத்துக்குக் குளிக்க வந்ததாக எழுதிவிடுகிறான். ஆந்திரா எலிக்குத் தமிழ்நாட்டில் பட்டா கொடுத்த பாவமும் எனக்குத்தான்.

ரம்புட்டான் விற்கும் அக்காவிடம் ஓடி, பழத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "பழம் நனைஞ்சா ஒண்ணும் ஆவாது. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிரும்போல இருக்கு, கொண்டுட்டுப் போங்க" என்று தந்தார். அதைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

"ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர்.

"வீட்டுக்கு. மெதுவா போங்க, எலிப்பல் மேல இருக்கு."

"எலி கடிச்சிட்டா?"

"இல்ல. அந்த எலி செத்துப் பல ஆயிரம் வருஷம் ஆச்சு."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தவர் தென்காசி வரும்வரை வேகத்தடை ஒவ்வொன்றையும் தாலாட்டுவதுபோல் ஏறி இறங்கினார்.

வீட்டில் என்னை விளக்கடியில் நிறுத்தி, தூரிகையோடு மருமகளும் டார்ச்சோடு மனைவியும் தேடினார்கள். மீசையில் ஒன்று கிடைத்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். காலை உப்புமாவின் ரவை. முழங்கையில் ஒன்றுமே இல்லை.

"வழியில எங்கயும் சொறிஞ்சியளா மாமா?"

"சொறியாதன்னு நீ சொன்ன பிறகு எல்லா இடத்துலயும் அரிச்சுதுட்டி."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "குகை மண்ணை என்ன செஞ்சேனோ அதையேதான் செய்யணும். சலிச்சிருவோம்" என்றாள்.

கொல்லையில் துணி ஊறவைக்கும் பெரிய அகலத் தொட்டி. நடுவில் நான். சீயக்காய்க்குத் தடை, தூள் சல்லடையை அடைக்குமாம். மனைவி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்தாள்.

"இத்தனை வருஷத்துல இவரை இவ்வளவு சுத்தமா கழுவினதே இல்ல" என்று சொல்லிச் சொல்லி வெந்நீர் ஊற்றினாள். துண்டும் வேட்டியும் பிளாஸ்டிக் தாளும் தனித்தனியாக அலசப்பட்டன. என் மேல் ஓடிய தண்ணீரெல்லாம் சொட்டு விடாமல் சல்லடை வழியாகப் போனது. வெயில் இல்லாததால், மிஞ்சியதை வடிதாளில் பரப்பி மின்விசிறியின் கீழ் காயவைத்தோம். யாரும் தும்மக் கூடாது என்று உத்தரவு. எனக்கு உடனே தும்மல் வந்தது. தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தேன்.

பிறகு அவள் பொறுக்க உட்கார்ந்தாள். ரவை. மிளகாய் விதைத் துணுக்கு. எறும்பின் தலை. வேட்டி நூல். என்னை நாளைக்கு யாராவது தோண்டியெடுத்தால் இவன் என்ன தின்றான், எங்கே உருண்டான் என்று எல்லாவற்றையும் எழுதிவிடலாம். தூரிகை நின்றது.

"மாமா... முனைகூட உடையல."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றாள். மருமகள் முதல் வேலையாகப் போட்டோ எடுத்தாள், பிறகு பல்லைச் சிறு குப்பியில் போட்டு மூடினாள். குப்பியின் பக்கத்தில் நான் நடக்கக்கூட அனுமதியில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பல்கலைக்கழகத்திலிருந்து போன் செய்தாள். பேராசிரியர் வெகுநேரம் பார்த்தாராம். பல் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, எப்படிக் கழுவினாய் என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"வீட்டு முறைதான் சார்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாரு மாமா. புல்வெளிதான்!"

நான் போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"பனியுகத்துல அங்கன புல்லுதானாம்ட்டி! வெறும் புல்லு!"

கரண்டியை இறக்காமலே, "மரம் இல்லாம அந்த ஆந்தை எங்க உக்காந்து எலிக்குக் காத்துக்கிடந்துதாம்? கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் திரும்ப போனை எடுத்தேன்.