ஒல்லி கையெழுத்துப் போடவில்லை

பாதி ஆயுளை லிஃப்ட் மெக்கானிக்காகக் கழித்தவர் அவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு இருட்டுக் குழிக்குள் இறங்கி வடத்துக்கு கிரீஸ் பூசுகிற தெம்பு அவருக்கு இல்லை. முதலாளி கொஞ்சம் நல்லவர். வீட்டுக்கு அனுப்பாமல், ஆபீஸில் ஒரு மேஜையும் ஒரு போனும் கொடுத்து உட்கார வைத்தார். எங்காவது லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இவரைக் கூப்பிடுவார்கள். "காத்து வரும், ஆள் கிளம்பியாச்சு" என்று இவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கிளம்பியதாகச் சொல்லப்பட்ட ஆள் அப்போதுதான் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பான். இந்த வயதில் பொய் சொல்லிச் சம்பளம் வாங்க வேண்டியிருக்கிறதே என்று முதலில் உறுத்தியது. பிறகு உறுத்தவும் அலுத்துப்போயிற்று.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நீளமான அறை, வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம். அது ஒரு குழாயில் ரத்தத்தை வாங்கி, கழுவி, இன்னொரு குழாயில் திருப்பிக் கொடுக்கும். நான்கு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது. மனிதனுக்கு மிச்சமிருப்பது வாய் ஒன்றுதான். அந்த வாயால் உடம்பைப் பற்றிப் பேசினால் அழுகை வரும், விலைவாசியைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும். அதனால் அங்கே எல்லோரும் கால்பந்து பேசினார்கள்.

இந்த வருடம் முழுக்க ஒல்லியைப் பற்றித்தான் பேச்சு. அவர்களுடைய அணியில் கோல் போடத் தெரிந்த ஒரே ஆளுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது. அவனுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. புதுசாகக் கையெழுத்துப் போடு என்றது கிளப். போட மாட்டேன், பெரிய கிளப் ஒன்று கூப்பிடுகிறது, என்னை விடுங்கள் என்றான் அவன். விடுவதாவது? அவனை ஆட்டத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் அங்கே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, அணி வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தது.

வலது பக்க நாற்காலியில் இருந்த பஸ் கண்டக்டருக்கு ஒல்லியின் பெயரைக் கேட்டாலே எரிச்சல். "சோறு போட்டு வளர்த்த கிளப்புண்ணே. நன்றி கெட்டவன். பெஞ்சுலயே கிடந்து துருப் பிடிக்கட்டும்." இடது பக்கம் பேங்க்கில் காசாளராக இருக்கும் அக்கா. ஒல்லி மேல் அவருக்குக் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. "விலை வரும்போதே வித்துடணும். ஒப்பந்தம் முடிஞ்சு போனான்னா சல்லிக்காசு தேறாது." நடுவில் மாட்டிக்கொண்ட நம்மவர் மட்டும் ஒல்லியின் கட்சி. மூன்று பேரும் மாதக்கணக்கில் இதையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை.

நர்ஸுக்குக் கால்பந்து சுத்தமாகத் தெரியாது. ஆனால் மூன்றாவது மணி நேரத்தில் லிஃப்ட்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, முகம் வெளுத்து, கண் சொருகும். அந்த நேரத்தில் ஒல்லி பேச்சை எடுத்தால் அழுத்தம் தானாக ஏறுவதை அவள் கவனித்து வைத்திருந்தாள். கருவியைப் பார்த்தபடியே, "ஐயா, அந்த ஒல்லி கோல்கீப்பர்தானே?" என்று அப்பாவிபோலக் கேட்பாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். மருந்தைவிட இது மலிவு.

இந்த அறையில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவரிடம் இருந்தது. மனைவியின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். இன்னும் ஒரு வருடம் இப்படியே தள்ளினால் உங்கள் இதயம் ஆபரேஷனைத் தாங்காது என்றும் சேர்த்தே சொன்னார். அவள் உடனே சரி என்றாள். இவர்தான் முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வீட்டுக்கு வந்தால் அவள் பாதம் வீங்கியிருக்கும். அந்த உடம்பைக் கீறி ஒன்றை எடுப்பதா? அதோடு, கொடுக்கிறவர்கள் எல்லாம் பெண்களாகவும் வாங்கிக்கொள்கிறவர்கள் எல்லாம் ஆண்களாகவும் இருப்பதை இந்த ஆஸ்பத்திரியில் அவர் நிறையவே பார்த்துவிட்டார். அந்த வரிசையில் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

கண்டக்டரும் ஒரு காரணம். அவருக்கு அவர் தம்பி சிறுநீரகம் கொடுத்தார். அது இரண்டு வருடத்தில் வேலை செய்யாமல் போய், மனிதர் மறுபடி இதே நாற்காலிக்கு வந்துவிட்டார். அந்தத் தம்பி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கண்டக்டரைப் பார்க்கும் போதெல்லாம் லிஃப்ட்காரருக்குத் தன் வீட்டிலும் இதுதான் நடக்கும் என்று தோன்றும். மனைவி பேச்சை எடுத்தால், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று முடித்துவிட்டு டிவியைப் போட்டுவிடுவார்.

அன்றைக்கு அவருக்கு மூன்றாவது மணி நேரம் முடிகிற சமயம். மனைவி வேலையிலிருந்து நேராக வந்து, மாற்றுச் சட்டையுடன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கூட வருகிறவர்கள் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்துக்கு நர்ஸ் அதைப் படிக்கத் தெரியாதவள்போல இருந்துவிடுவாள்.

"கேட்டீங்களாண்ணே," என்றார் கண்டக்டர். "கிளப் தலைவர் பேட்டி கொடுத்திருக்காரு. ஒல்லியை விக்கிற பேச்சே கிடையாதாம். பெரிய இடத்துக்குப் போனா அவனை யாரும் சீந்த மாட்டாங்களாம், பெஞ்சுல உக்காந்து வீணாப் போயிடுவானாம். அவன் நல்லதுக்குத்தான் சொல்றாராம்."

"இப்ப மட்டும் எங்க உக்காந்திருக்கான், சோபாவுலயா?"

"அதில்லண்ணே, அங்க போய் காலை ஒடைச்சுக்கிட்டா?"

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "அவன் நல்லது எதுன்னு சொல்ல இவரு யாருய்யா? ஊரே அவனைப் பத்திப் பேசுது. நீ என்னப்பா நினைக்கிறேன்னு ஒருத்தனாவது அவனைக் கேட்டானா? காலு அவனுது. அதை வச்சுக்கிட்டு எங்க ஓடணும்னு அவன்தான் முடிவு பண்ணணும். ஒடைஞ்சாலும் அவனுக்குத்தானே வலிக்கப்போகுது, தலைவருக்கா வலிக்கும்?"

"காலு அவனுதுன்னா, கிட்னி என்னுதுங்க."

பின்னாலிருந்து மனைவி சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இத்தனை நாளில் அவள் கால்பந்துப் பேச்சில் வாயைத் திறந்ததே இல்லை என்பதால் மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"என்ன கிட்னி?" என்றார் பேங்க் அக்கா.

"என்னுது இவருக்குப் பொருந்துதுன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாருக்கா. நான் தர்றேங்கறேன், இவர் வேண்டாங்கறார். கேட்டா, என் நல்லதுக்காம்."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்," என்றார் லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்டுல நீங்க டிவியைப் போட்டுடறீங்க. இங்கதான் எழுந்து போக முடியாது."

நர்ஸ் ஓடி வந்து கருவியைப் பார்த்தாள். "ஐயா, மெதுவா. ரொம்ப ஏறுது." அந்த அறையில் அவள் அவரை அடங்கச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அவர் கூரையைப் பார்த்தார். சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார். "கொடுத்து, அது உடம்புல நிக்காமப் போச்சுன்னா?"

இந்தக் கேள்வி யாரை மனதில் வைத்து வந்தது என்பது கண்டக்டருக்குத் தெரியாதா என்ன? அவர் குழாயில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தம்பி கொடுத்தது நிக்கலண்ணே. அவனுக்கு என் முகத்தைப் பாக்க முடியல, எனக்கும் அவன் முகத்தைப் பாக்க முடியல. ஆனா அந்த ரெண்டு வருஷமும் வயிறு முட்டத் தண்ணி குடிச்சேன். டபுள் டூட்டி பாத்தேன். வாங்கிக்கங்கன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். என்னை மட்டும் காரணம் காட்டாதீங்க."

தண்ணீர் என்றதும் அந்த அறையில் எல்லோருக்கும் தொண்டை வறண்டது. நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கக்கூடாதவர்கள் அவர்கள். பேங்க் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் களைத்துப்போயிருந்தார். மறுப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் ஒல்லிக்காகத் தான் பேசிய நியாயம் எல்லாம் அவருக்கே எதிராக வந்து நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் கொடுமை.

"சிஸ்டர்," என்றார் கடைசியில். "டாக்டரைப் பாக்கணும். நாங்க ரெண்டு பேரும்."

ஊசியை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு இருவரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தில் அவர் தள்ளாடுவார், அவள் தோள் கொடுப்பாள், அதுதான் வழக்கம். அன்றைக்கு நாலு எட்டு வைத்ததும் அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மடியில் கிடந்த அவருடைய அழுக்குச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்னம்மா?"

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க. ஆபரேஷன் தியேட்டர்னு நினைச்சாலே கையும் காலும் ஓடமாட்டேங்குது."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே."

"சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டு வேண்டாம்னுடுவீங்க. இப்பத்தான் சம்மதிச்சிட்டீங்களே, அதான் சொல்றேன்."

வேண்டாம் என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதுதான் வரப்போகிறது என்று அவளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை மென்று விழுங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும்தான்," என்றார்.